உறை போட்ட மருந்துப் பை

இதை வலக்கையால்தான் எழுதுகிறேன். சின்ன விரல் முழுக்க மடியாது, பேனை கொஞ்சம் சறுக்கும், ஆனாலும் வலக்கைதான். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ஆறேழு பேர் கட்டிலைச் சுற்றி நின்று, இந்தக் கை இருக்குமா போகுமா என்று என் தலைக்கு மேலால் கதைத்தார்கள். எனக்கு விளங்காது என்று நினைத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். ஆனால் ஒரு பொருளைப் பார்த்து ஒருவன் முகத்தைச் சுளித்தால் அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

லண்டனுக்கு வந்த புதிதில் ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றேன். பிறகு செவன் கிங்ஸில் சொந்தக் கடை. முன்பக்கம் அரிசி, பருப்பு, மரக்கறி. பின்பக்கம் குசினி: றோல்ஸ், வடை, கொத்து. ஒருவரும் என்னைத் தூக்கிவிடவில்லை. படித்த ஆட்கள் என்னோடு சேர்ந்து கடை தொடங்கினார்கள், இரண்டு வருசத்தில் பூட்டினார்கள். நான் பூட்டவில்லை. காரணம் என்ன என்று கேட்டால் இந்தக் கையைத்தான் காட்டுவேன். கடைக்கு வருகிற அரிசி மூட்டையை நான் திறக்காமல் வாங்கியதே இல்லை. தையலைப் பிரித்து, சேட்டுக் கையை மடித்து, முழங்கை வரை விட்டு, அடியில் கிடக்கிறதை அள்ளிப் பார்ப்பேன். மேலே நல்ல அரிசி, அடியில் உடைந்த குறுணல் என்று ஏமாற்றப் பார்த்தவர்கள் கனபேர்.

“அண்ணை, உங்களுக்கு ஒருத்தரிலையும் நம்பிக்கை இல்லையோ?” என்று லொறிக்காரர் கேட்பார்கள்.

“இருக்கு. என்ரை கையிலை இருக்கு” என்பேன்.

அந்தக் கையில்தான் எண்ணெய் கொட்டியது.

குசினியில் நிற்கிறவன் மன்னார்ப் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமை காலமை பூசைக்குப் போகாமல் வேலைக்கு வரமாட்டான். மற்றபடி நல்ல வேலைகாரன். ஆனால் பழைய எண்ணெயைப் புது எண்ணெயோடு கலக்கிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம். கண்ணால் காணவில்லை. வடையின் நிறத்தில் ஒரு சாயல், அவ்வளவுதான். அதனால் மத்தியானச் சனம் குறைந்ததும் பொரிக்கிற தாச்சியை இறக்கி எண்ணெயை வடிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

“முதலாளி, சூடு ஆறட்டும். ஒரு மணித்தியாலம் பொறுங்கோ” என்றான்.

இவன் ஏன் என்னைப் பொறுக்கச் சொல்கிறான், நான் முன்பக்கம் போனதும் என்ன செய்யப் பார்க்கிறான் என்று எனக்கு ஓடியது. தாச்சியைத் தூக்கினேன். நிலம் ஈரம். கால் வழுக்கியது. விரலில் இருந்து முழங்கை வரை கொதி எண்ணெய்.

அவன் ஓடிவந்து என்னைப் பின்னால் பிடித்து, கழுவுகிற தொட்டியில் குளிர்தண்ணீர்க் குழாயைத் திறந்து கையை அதற்குக் கீழே வைத்தான். வைத்தவன் விடவில்லை. நான் ரூத்பேஸ்ற் கொண்டு வா என்று கத்தினேன். தேங்காயெண்ணெய் கொண்டு வா என்று கத்தினேன். “பேசாமல் நில்லுங்கோ முதலாளி” என்று ஒரே பிடி. இருபது நிமிசம் பிடித்திருப்பான். கடை முன்னுக்கு ஆரும் இல்லை, இவன் என்னை இங்கே பிடித்து வைத்துக்கொண்டு அங்கே ஆரை விட்டிருக்கிறானோ என்றுகூட அந்த வேதனையிலும் நினைத்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, தண்ணீரில் பிடித்தது ஆர் என்பதுதான்.

துடையில் இருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். கட்டுப் போட்டு, திறக்க வேண்டாம், நாங்கள்தான் திறப்போம் என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

மூன்றாம் நாள் நான் திறந்தேன். உள்ளுக்கு என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? பார்த்தேன், தோல் இருந்தது, திரும்பக் கட்டினேன். ஒரு கிழமையில் கட்டுக்குள் இருந்து ஒரு மணம். அழுகல் மணம் என்று சொல்ல ஏலாது. பெட்டிக்குள் கிடந்து மிஞ்சிப் பழுத்த திராட்சை மாதிரி, ஒரு இனிப்பு மணம். கட்டுத் துணியில் பச்சை நிறம் ஊறியிருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என்னிடம் பேணி இருந்தது.

பேணியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நீல நிறத் தகர டப்பா, பிஸ்கற் வந்த பேணி. மற்ற வீடுகளில் அதற்குள் ஊசி நூல் இருக்கும். என் கடையில் சாம்பிராணிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த பேணியில் குளிசை இருந்தது, எல்லாம் அன்ரிபயோட்டிக் மாத்திரை. கொழும்புக்குப் போய் வருகிறவர்கள் எல்லாரும் எனக்குக் கொண்டு வருவார்கள். அங்கே கடையில் கேட்டால் தருவார்கள். இங்கே டொக்டரிடம் போனால், “வைரஸ், தண்ணி குடியுங்கோ, பரசிற்றமோல் போடுங்கோ” என்று திருப்பி அனுப்புவார்கள். வேலைக்குப் போகிற சனம் என்ன செய்யும்? என்னிடம் வரும். தொண்டை நோவுக்குச் சிவப்பும் கறுப்பும், பல்லுக்கு மஞ்சள், சலக்கடுப்புக்கு நீளமான வெள்ளை. ஒருவருக்கு நாலு குளிசை. அதற்கிடையில் சுகம் வந்தால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது என் சட்டம். திருப்பித் தந்தார்கள், அதையே அடுத்த ஆளுக்குக் கொடுத்தேன். ஒரு பைசா வாங்கியதில்லை. “எங்கடை டொக்டர் செவன் கிங்ஸிலை இருக்கிறார்” என்று லூயிஷாம் கோயில் திருவிழாவில் என்னைக் காட்டிச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது பெருமைதான்.

ஆகவே என் கைக்கும் நானே வைத்தியம் செய்தேன். காலையில் சிவப்புக் கறுப்பு, மத்தியானம் வெள்ளை. இரண்டு நாள் பார்த்து மஞ்சளுக்கு மாற்றினேன். குளிசை தொடங்கி எட்டாம் நாள் குளிர் பிடித்து உதறியது. என் மனுசி கட்டைப் பார்த்துவிட்டு அம்புலன்சுக்குப் போன் அடித்தாள்.

இந்த முறை என்னைத் தனி அறையில் போட்டார்கள். வாசலில் ஒரு பேப்பர் ஒட்டினார்கள். வருகிறவர்கள் எல்லாரும் மஞ்சள் ஏப்ரன் கட்டி, கையுறை போட்டுத்தான் உள்ளே வந்தார்கள். போகும்போது அதைக் கழற்றி வாளியில் எறிந்தார்கள். எனக்குத் தேத்தண்ணீர் கடதாசிக் கோப்பையில். குடித்ததும் அதுவும் வாளிக்குள். ஊரில் சிலருக்கு வாசலில் வைத்து வேறு பேணியில் தண்ணீர் கொடுத்த வீடுகள் இருந்தன. அந்த வீடுகளுக்குள் உட்கார்ந்து குடித்தவன் நான். இப்போது நான் வாசலுக்கு மற்றப் பக்கம். கிருமிக்காகத்தான் என்று மனுசி சொன்னாள். அப்போதும் இதைத்தான் சொன்னார்கள்.

ஆராய்ச்சி டொக்டர் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், நித்திரை இல்லாத கண். கையில் ஒரு கட்டுப் பேப்பர். என்னிடம் நீட்டினாள்.

“கண்ணாடி கொண்டு வரேல்லை” என்று மனுசியிடம் சொன்னேன்.

“சேட்டுப் பொக்கற்றிலை கிடக்கு” என்றாள் மனுசி.

மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று டொக்டர் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் தமிழ் ஆள். தமிழ் ஆள் என்றால் கோயிலிலோ கலியாண வீட்டிலோ என்னைத் தெரிந்த ஆள். என் கை அழுகுகிற கதை என் கட்டிலைவிட்டு வெளியே போவதற்கு நான் தயாரில்லை. மனுசி வேண்டும் என்று தலையாட்டினாள். போனில் பிடித்தார்கள். கட்டில் மேசையில் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டினார்கள்.

“வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் கதைக்கிறது ஒண்டும் வெளியிலை போகாது.” பெண் குரல்.

“வணக்கம். பிள்ளை எவடம்?”

“ஐயா, என்ரை சொந்த விசயம் கதைக்கக் கூடாது.”

“எவடம் எண்டு கேட்டால் சொந்த விசயமோ? கதைக்கேக்கை தெரியுது, வடமராட்சிப் பக்கம்.”

நான் என்ன சொல்கிறேன் என்று டொக்டர் கேட்டாள். சட்டப்படி எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும் போல. அந்தப் பிள்ளை இங்கிலீஷில் சொன்னாள், டொக்டர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரைச் சொல்லாத தமிழ் ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“ஐயா, உங்கடை புண்ணிலை இருக்கிற கிருமிக்கு வழக்கமான அன்ரிபயோட்டிக் கனக்க வேலை செய்யேல்லை. இருக்கிற மருந்தோடை சேத்து ஒரு பிறபொருளெதிரியையும் குடுத்துப் பாக்கிற ஆராய்ச்சி ஒண்டு நடக்குதாம்.”

“என்ன எதிரி?”

“பிறபொருளெதிரி.”

“பிள்ளை, தமிழிலை சொல்லுங்கோ.”

“அது தமிழ்தான் ஐயா.”

வாசலில் மனுசி ஏப்ரனுக்குள் சிரித்துக் குலுங்கினாள்.

பிறகு அந்தக் குரல் பொறுமையாகச் சொன்னது. வருத்தம் வந்தால் எங்கள் உடம்பே இப்படி ஒன்றைச் செய்துகொள்ளுமாம். இது ஆய்வுகூடத்தில் செய்தது, இந்த ஒரு கிருமியை மட்டும்தான் அடையாளம் காணும். கிருமிக்கு மேலில் ஊசி மாதிரி ஒன்று இருக்கிறது, அதால்தான் எங்கள் தசைக்குள் நஞ்சைக் குத்துகிறது. மருந்து போய் அந்த ஊசியின் நுனியில் ஒட்டிக்கொள்ளும்.

“அப்ப கிருமி செத்துப்போம்?”

“இல்லை ஐயா. கொல்லாது. குத்த விடாது. கொல்லுறது மற்ற மருந்தும் உங்கடை உடம்பும்.”

“கொல்லாத மருந்தை என்னத்துக்கு மருந்து எண்டு சொல்லுறியள்? சரி, இது ஆற்றை ரத்தத்திலை இருந்து எடுத்தது?”

“ஆற்றையும் ரத்தம் இல்லையாம். உயிரணுவை வளத்து எடுக்கிறது.”

“எதின்ரை உயிரணு? மாடோ? நான் மாடு தொடுறேல்லை.”

டொக்டரும் குரலும் கொஞ்ச நேரம் இங்கிலீஷில் கதைத்தார்கள்.

“மாடு இல்லை ஐயா. ஹாம்ஸ்ரர். ஒரு வகை எலி.”

நான் கட்டிலில் நிமிர்ந்து இருந்துவிட்டேன். என் கடையில் ஒரு எலிப்புழுக்கை கண்டால் கவுன்சில்காரன் அன்றைக்கே கதவைப் பூட்டுவான். அதற்குப் பயந்து ஒவ்வொரு மூலையிலும் பெட்டி வைத்திருக்கிறேன். இவர்கள் எலியை நேரே என் ரத்தத்துக்குள் விடப் பார்க்கிறார்கள் என்று சத்தமாகவே சொன்னேன்.

“எலி உள்ளுக்கு வராது ஐயா” என்றது குரல். அதை மட்டும் டொக்டர் சொல்லாமலே அந்தப் பிள்ளை தானாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குச் சரியாகவே வரவில்லை. இரண்டு விதமான பை. ஒன்றில் மருந்து, ஒன்றில் உப்புத்தண்ணீர். எது எனக்கு என்று கொம்பியூட்டர் தீர்மானிக்கும். டொக்டருக்கும் தெரியாது, நேர்ஸுக்கும் தெரியாது. நிறம் தெரியாமல் இருக்கப் பையை உறையால் மூடியிருப்பார்கள்.

“அப்ப ஆருக்குத்தான் தெரியும்?”

“ஃபார்மசியிலை ஒரு ஆளுக்குத் தெரியுமாம். அவர் சொல்ல மாட்டாராம்.”

வாழ்க்கையில் ஒரு மூட்டையைத் திறக்காமல் வாங்காதவனிடம் வந்து இதைச் சொல்கிறார்கள். நான் ஏலாது என்றேன். டொக்டர் சரி என்று பேப்பரை எடுத்துக்கொண்டாள். வற்புறுத்தவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. நல்ல சரக்கு வைத்திருக்கிறவன் இப்படிச் சும்மா திரும்பிப் போவானா?

அடுத்த நாள் காலமைதான் அந்த ஆறேழு பேர் வந்தார்கள். சத்திரசிகிச்சை டொக்டர் கட்டைத் திறந்தார். ஒட்டிய தோல் பாதி வழுக்கிப் போயிருந்தது. முகம் சுளித்தது அப்போதுதான். மனுசி கேட்டுச் சொன்னாள்: இன்னொரு முறை ஒட்டிப் பார்ப்பார்கள். அதற்கிடையில் கிருமி அடங்கவில்லை என்றால், அது தசைநாருக்குள் இறங்கினால், விரல்களை எடுக்க வேண்டி வரும். அதற்கு மேலும் வரலாம்.

“எந்தக் கை எண்டு அவைக்குத் தெரியுமோ? வலக்கை எண்டு சொன்னனீரோ?” என்றேன் மனுசியிடம்.

“கட்டு அதிலைதானே கிடக்கு” என்றாள்.

ஆராய்ச்சி டொக்டர்ப் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவள் ஒரு விசயம் சொன்னாள்: எல்லாரையும் சேர்க்க ஏலாது, நிபந்தனைகள் இருக்கின்றன, சில கேள்விகள் கேட்ட பிறகுதான். அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பை கட்டாயம் வேண்டும் போல வந்துவிட்டது. கேள்வியில் ஒன்று: கடந்த ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரி தந்ததைத் தவிர வேறு அன்ரிபயோட்டிக் எடுத்தீர்களா?

“இல்லை” என்றேன்.

போனில் அந்தப் பிள்ளை “இல்லை” என்றதை இங்கிலீஷில் சொன்னாள். வாசலில் நின்ற மனுசி என்னைப் பார்த்தாள். ஏப்ரனைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் சூப் போத்தலோடு ஒரு பை கொண்டு வந்தாள். சூப்பை எடுத்தாள். பிறகு பேணியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

“உமக்கு விசரோ? ஆரும் காண முதல் கொண்டு போம்.”

“கொண்டு போகேலாது. இந்த அறைக்குள்ளை வந்த சாமான் கழுவித் துடைக்காமல் வெளியிலை போகாதாம். இப்பதான் நேர்ஸ் சொன்னவ.” கதிரையை இழுத்து இருந்தாள். “நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?”

“சொன்னால் என்னைச் சேர்க்க மாட்டினம்.”

“சேர்க்காட்டில் விடட்டும். பொய்யைக் கேட்டுப் பிழையான மருந்தை ஏத்தி, கை போனால் ஆர் உங்களுக்குச் சோறு தீத்துறது? நான் தீத்த மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

நாற்பது வருசம் என்னோடு இருந்தவள். தீத்துவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் அவள் முகத்தைப் பார்க்க, உறுதியாக நம்ப முடியவில்லை.

சொல்லுவது எனக்கு ஏன் கஷ்டமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் டொக்டருக்குப் பயப்படவில்லை. டொக்டர் வெள்ளைக்காரப் பிள்ளை, நாளைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். என் பயம் போனில் இருந்த குரல். செவன் கிங்ஸ், இல்ஃபோர்ட் பக்கத்தில் என் பேணியில் கை வைக்காத தமிழ் வீடு குறைவு. இந்தப் பிள்ளையும் அதில் ஒரு வீடாக இருந்தால்?

டொக்டரைக் கூப்பிட்டு, போனைப் பிடிக்கச் சொன்னேன். அதே குரல்தான் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். எட்டு நாள் விழுங்கியதைச் சொன்னேன். பேணியைச் சொன்னேன், நீல நிறம் என்று சொன்னேன், நாலு குளிசை, சுகம் வந்தால் மிச்சம் திருப்பித் தர வேண்டும் என்ற சட்டத்தையும் சொன்னேன்.

“ஐயா, ஒரு நிமிசம்” என்றது குரல். தண்ணீர் குடித்தது போல ஒரு சத்தம். பிறகு மொழிபெயர்த்தது.

டொக்டர் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கையுறைக் கையால் குளிசை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் அடுக்கி, பெயர்களை எழுதினாள். பிறகு என் கிருமியைச் சோதித்த லாப் பேப்பரை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் என் கடையில் உள்ள எந்தச் சாமானின் பெயரும் எழுத்தின் உருவத்தால் எனக்குத் தெரியும். பேணியில் இருந்த பெயர்களின் உருவம் லாப் பேப்பரிலும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே எழுத்து. அந்த எழுத்துக்குக் கேளாது என்று அர்த்தமாம். இந்த மருந்துக்கு இந்தக் கிருமி கேளாது. பேணியில் இல்லாத பெயர் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வேறு எழுத்து இருந்தது. அதைத்தான் அப்போது எனக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டொக்டர் பேணியில் இருந்த நீள வெள்ளைக் குளிசையைத் தூக்கிப் பிடித்தாள்.

“ஐயா, நீங்கள் விழுங்கினதும் இப்ப ஏத்திறதும் ஒரே குடும்பமாம். திரும்பவும் சோதிக்க வேணுமாம்.”

“என்னாலைதான் கிருமிக்கு இந்தத் திமிர் வந்ததோ எண்டு கேளுங்கோ.”

கேட்டாள். “அப்பிடிச் சொல்ல ஏலாதாம். ஆஸ்பத்திரியிலையே தொத்தியும் இருக்கலாமாம். ஆனால் நீங்கள் செய்தது அதுக்கு உதவி எண்டுறா.”

கோபப்படாத டொக்டரை நம்பலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். எழுதிக்கொண்டு போனாள், எனக்கு எதிராகத்தான் எழுதுகிறாள் என்று நினைத்தேன். பேணியை ஃபார்மசி ஆள் கையுறையோடு வந்து தூக்கிக்கொண்டு போனார். எறிந்தார்களோ, என்ன செய்தார்களோ, நான் காணவில்லை.

அடுத்த நாள் லாப்பில் இருந்து பதில் வந்தது. அந்த ஒன்றுக்கும் எழுத்து மாறிவிட்டது. ஏற்றிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தி, பழைய மருந்து ஒன்றைத் தொடங்கினார்கள். கிட்னியைப் பழுதாக்கக் கூடியது, அதனால் கனகாலமாகப் பின்னுக்கு வைத்திருந்ததாம். என் சலத்தை அளந்து அளந்து எழுதினார்கள். ஆராய்ச்சிக்காரரிடம் கேட்டு, பின்னேரம் போல் என்னைச் சேர்க்கலாம் என்று சொன்னார்கள். இடக்கையால் ஒப்பம் வைத்தேன். தேள் ஊர்ந்த மாதிரி இருந்தது.

பை வந்தது. செம்மஞ்சள் உறை. பையில் இருந்து வருகிற குழாய்க்கும் உறை. கொண்டு வந்த நேர்ஸிடம் இது எது என்று கேட்டேன். தோளைத் தூக்கினாள். மனுசி கொண்டு வந்து அறைக்கு வெளியில் வைத்திருந்த றோல்ஸை அவளுக்குக் கொடுக்கச் சொன்னேன். வெளியில் போய் மூன்று றோல்ஸ் சாப்பிட்டாள். திரும்பி வந்து நன்றி சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு ஒரு வழி தெரிந்தது. மருந்து ஒரு புரதம் என்று போன் பிள்ளை சொல்லியிருந்தாள். புரதம் என்றால் முட்டை வெள்ளை மாதிரி. முட்டை வெள்ளையை அடித்தால் நுரைக்கும், உப்புத்தண்ணீர் நுரைக்காது. படித்தவர்களுக்கு இது ஓடுமா?

“எழும்பி அந்தப் பையை ரெண்டு குலுக்குக் குலுக்கி, உறையைக் கொஞ்சம் உயர்த்திப் பாரும்” என்றேன் மனுசியிடம்.

“நான் மாட்டன்.”

“நுரை இருக்கோ எண்டு மட்டும் பாரும்.”

அவள் எழும்பிக் கையை உயர்த்திய நேரம் நேர்ஸ் கண்ணாடிக் கதவால் பார்த்துவிட்டாள். வந்து மனுசியின் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாள். ஒரு மணித்தியாலத்தில் பை முடிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை. இது தண்ணீர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கட்டு மாற்றும்போது திராட்சை மணத்தைத் தேடி மூக்கை நீட்டினேன், மணம் குறைந்திருந்தது. பிறகு ஒரு நாள் கட்டு வெள்ளையாகவே வந்தது. மற்றத் துடையில் இருந்து தோல் எடுத்தார்கள். ஒட்டினார்கள். இந்த முறை நான் திறக்கவில்லை. மனுசி என் இடக்கையைப் பார்த்தபடியே இருந்தாள். அவர்கள் திறந்தபோது தோல் பிடித்திருந்தது. சத்திரசிகிச்சை டொக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை. அதைத்தான் பார்த்தேன், கையைப் பிறகுதான் பார்த்தேன்.

என்ன மருந்து என்னைக் காப்பாற்றியது? கிட்னி மருந்தா, எலி மருந்தா, நான் வாயைத் திறந்ததா? கடைசிச் சோதனைக்குப் போன அன்று கேட்டேன். கையால் ஒரு கருவியை நெரிக்கச் சொல்லிப் பலம் பார்த்தார்கள். இடக்கை அளவுக்கு இல்லை, ஆனால் குறைவும் இல்லை என்று நான் சொன்னேன். குறைவுதான் என்று டொக்டர் சொன்னாள்.

“ஐயா, எல்லா நோயாளியளும் முடிஞ்ச பிறகுதான் உறையைத் திறப்பினமாம். இப்ப டொக்டருக்கும் தெரியாதாம்” என்றது போன். அதே குரல்.

“பிள்ளை, நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. அது மருந்தோ தண்ணியோ?”

“அவ சொன்னதைத்தான் நான் சொல்லுவன் ஐயா.”

டொக்டர் ஏதோ பேப்பர் எடுக்க வெளியில் போனாள். போன் மேசையில் கிடந்தது, அணைக்கவில்லை.

“ஐயா,” குரல் தணிந்து வந்தது, “நான் இதைக் கேக்கக் கூடாது. அந்தப் பேணி இப்பவும் கடையிலை இருக்கோ?”

“இல்லை பிள்ளை. ஆஸ்பத்திரியிலை குடுத்தாச்சு.”

“நல்லது.”

“பிள்ளை எங்கடை கடைக்கு வாறனீங்களோ? ஆருக்கும் ஏதும்...”

டொக்டர் உள்ளே வந்தாள். குரல் பழையபடி மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டது. அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணும் “ஐயா” என்றால் தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன். யார் என்று இன்னும் பிடிபடவில்லை. அவளுக்கு என்ன நடந்தது, அவள் வீட்டில் ஆருக்கு என்ன நடந்தது என்றும் தெரியாது.

குளிசை கேட்டு இன்னமும் சனம் வருகிறது. இல்லை, டொக்டரிடம் போங்கோ என்கிறேன். நம்புகிறார்களில்லை. தனக்கு மட்டும் ஒளித்து வைத்திருக்கிறார் என்று வெளியில் கதைப்பதாகக் கேள்வி.

நான் இல்லாத நாட்களில் மன்னார்க்காரன்தான் குசினியை ஓட்டினான். திரும்பி வந்த அன்று முதல் வேலையாகத் தாச்சிக்குள் பார்த்தேன். எண்ணெய் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. நான் வருகிற நாள் தெரிந்து மாற்றியிருப்பான். ஆனாலும் அன்று பின்னேரம் அவனுக்கு நானே தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். “என்ன முதலாளி, இதுக்குள்ளை என்ன கலந்தியள்?” என்று கேட்டுவிட்டுக் குடித்தான்.

போன கிழமை புது ஆள் ஒருவன் லொறியில் அரிசி கொண்டு வந்தான். மூட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு ஒப்பத்துக்குப் பேப்பரை நீட்டினான். பொறு என்றேன். தையலைப் பிரித்தேன். சேட்டுக் கையை மடிக்க, அவன் என் தோலைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினான். கையை உள்ளே விட்டேன். ஒட்டுத் தோலுக்கு ஒன்றும் தெரியவில்லை. முழங்கை வரை அரிசி இருக்கிறது என்று கண்ணால்தான் கண்டேன். இன்னும் இறக்கினேன். அடியில் தோல் ஒட்டாத விரல் நுனி முட்டியது. அதற்குத் தெரிந்தது. நாலு விரலால் அள்ளி வெளியில் எடுத்து, உள்ளங்கையை அவன் மூக்குக்கு நேரே விரித்தேன்.

குறுணல்.

“ஏத்து லொறியிலை” என்றேன்.